உப்பு தூக்கல்

செல்லக்கிளியின் வாய்க்குத் தப்பிய சமையல் திண்டுக்கல்லில் கிடையாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பாருக்குப் பெருங்காயம் போதாது என்பாள். பிரியாணிக் கடைக்குப் போனால், "மாஸ்டர், இன்னைக்குப் பட்டை தூக்கல்" என்று அடுப்படிக்கே கேட்கும்படி சொல்வாள். கூடப் போகும் புருஷன் குருசாமிக்கு மானம் போகும். டவுன் பஸ் கண்டக்டர் அவர். கடையில் பாதிப்பேர் தெரிந்த முகங்கள். "வந்தமா தின்னமானு இரு புள்ள" என்று அவர் சலித்துக்கொள்ளாத நாளே இல்லை.

அந்த வாய் போன வருஷம் அடங்கிவிட்டது. தொண்டையில் வந்த புற்றுக்கட்டிக்கு ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது, கூடவே நாக்கில் இருந்த ருசியும் போயிற்று. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன்பிறகு எதைக் கொடுத்தாலும், "நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டு வாயோடு எழுந்துவிடுவாள். பிரியாணி மாஸ்டரே ஒருநாள் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதுவும் நல்லாத்தான் இருந்தது. மனுஷன் தொங்கிய முகத்தோடு திரும்பிப் போனார். செல்லக்கிளி பாதி ஆளாக இளைத்துவிட்டாள். இப்படியே போனால் இவள் நமக்கு மிஞ்சமாட்டாள் என்று குருசாமி பயந்தார்.

மகள் ஹரிணிக்குப் பெங்களூரில் வேலை. ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று இருவரையும் வரவழைத்து, ஒரு சாயங்காலம் ஜப்பான்-கொரியா பப் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். சிவப்புக் காகித விளக்குகள், சுவரெல்லாம் புரியாத எழுத்து, மேசைக்கு மேசை பீர்.

"பெத்தவங்களக் கூட்டிட்டு வார எடமா ஆத்தா இது?"

"இங்க சாப்பாடுதான்ப்பா விசேஷம். உக்காருங்க."

சாதம் வந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. "தொட்டுக்கிற வெஞ்சனமே இம்புட்டா!" என்றார் குருசாமி. பின்னாலேயே கருஞ்சட்டியில் தளதளவென்று கொதிக்கும் சிவப்புக் குழம்பு. புளிக்கவைத்த முட்டைக்கோசில் வைத்ததாம். சாப்பிட வைத்திருந்த குச்சிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுவதுபோல அதைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்தார்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க. அதத் தனியாக் குடிக்கணும்ப்பா."

"பாத்தாப் பாக்கட்டும். ஒங்கம்மாவுக்கு இப்படித்தான் எறங்கும்."

கிண்ணத்தை மனைவி பக்கம் தள்ளினார். செல்லக்கிளி ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள். இப்போது எழுந்துவிடுவாள் என்று குருசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழவில்லை. மூன்றாவது வாயை மெல்லும்போது அவள் நெற்றி சுருங்கியது. எத்தனை பந்திகளில் அவரைக் கதிகலங்க வைத்த சுருக்கம் அது!

"ஏங்க, உப்பு தூக்கலா இல்ல?"

குருசாமி அவசரமாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். சத்தியமாக உப்பு தூக்கல்தான்.

"கோசு புளிச்சது சரி," என்று அவள் தொடர்ந்தாள். "பூண்டு பச்ச வாசம் போகவே இல்ல. அடுப்புல செத்த நேரம் கூட விட்ருக்கணும்."

குருசாமிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுந்து நின்றார். இரண்டு விரலை வாயில் வைத்து, பஸ்ஸைக் கிளப்பும் இரட்டை விசிலை அடித்தார். பப்பே அடங்கிப்போனது. மறுநொடி ஏதோ ஒரு மேசையிலிருந்து, "போலாம் ரைட்!" என்று தமிழ்க்குரல் ஒன்று கத்த, அத்தனை பேரும் கோப்பையைத் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். பதறி ஓடிவந்த சர்வரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உப்பு தூக்கல் தம்பி! என் பொண்டாட்டி சொல்லிட்டா!" என்று குருசாமி அழுதார். பாஷை தெரியாத அவன் மன்னிப்புக் கேட்டான். ஹரிணியோ சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஊரு விட்டு ஊரு வந்து என் மானத்த வாங்காதீக," என்றாள் செல்லக்கிளி. "இன்னொரு சட்டி கொண்டாரச் சொல்லுங்க. உப்பக் கொறச்சு."

திண்டுக்கல்லில் ரயிலைவிட்டு இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேராகப் பிரியாணிக் கடைக்குப் போனார்கள். மாஸ்டர் கரண்டியும் கையுமாக மேசையருகே வந்து நின்றார். செல்லக்கிளி நிதானமாக மென்றாள்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்ததுல நல்லாக் கெட்டுப் போயிருக்கீங்க மாஸ்டர். அரிசி கொழஞ்சு போச்சு."

மாஸ்டர் அடுப்படியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "ஏலே, ஒழுங்காச் சமைங்கடா! அக்கா வந்துட்டாங்க!"