முத்து முத்தான கையெழுத்து

நன்றாக இருப்பதும் ஒரு தொல்லைதான் என்று திருகாணிக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில்தான் தெரிந்தது.

கண்ணாடிக் கடையில் அவளுக்கு அந்தப் பெயர். மூக்குக் கண்ணாடியின் காதுப்பிடி சேருகிற இடத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு திருகாணி இருக்கும். அதை இடுக்கியால் எடுத்துத் துளையில் நிறுத்தி இரண்டு சுற்று சுற்ற அவளை விட்டால் ஆளில்லை என்று முதலாளி வைத்த பெயர். அந்தப் பெயருக்கு யார் கண் பட்டதோ, நான்கு வருடத்துக்கு முன்னால் முடக்குவாதம் வந்து விரல் கணுக்களில் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் கை மூடவும் மூடாது, விரியவும் விரியாது. பல் தேய்க்கிற பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொள்வாள். முதலாளி அவளைப் பட்டறை மேசையிலிருந்து எழுப்பி, வருகிறவர்களுக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிற வேலைக்கு மாற்றினார். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

பிள்ளை வேண்டும் என்று போய் நின்றபோது மூட்டு டாக்டர் அம்மா ஒரு மாத்திரையை நிறுத்தி, வேறொன்றைக் கொடுத்து, சில மாதம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தாள். உண்டானாள். நான்காம் மாதம் கையிலிருந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஒரு நாள் காலையில் பாட்டில் மூடியைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு, மூடியும் வைத்தபிறகுதான், தான் என்ன செய்தோம் என்றே அவளுக்கு உறைத்தது. சமையலறையில் நின்று அந்த மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடினாள்.

"சந்தோஷமா இருங்க, ஆனா ஏமாந்துடாதீங்க" என்றார் டாக்டர் அம்மா. "நிறைய பேருக்கு இந்த மாசங்கள்ல வலி அடங்கியிருக்கும். குழந்தை பொறந்து ஒரு மாசம், ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடும். வந்தா மருந்து குடுப்பேன், பால் குடுக்கும்போது சாப்பிடக்கூடிய மருந்து இருக்கு. அது வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் காலைல ரெண்டு மணி நேரம் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். அதை இப்பவே ஏற்பாடு பண்ணிக்கோங்க."

இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்னதை வீட்டில் ஒருவர் காதிலாவது ஏற்ற முடிந்ததா என்றால், இல்லை.

வீட்டில் இருப்பது அவளும் அவள் கணவனும்தான். கணவன் பஸ் டிரைவர். காலை ஷிஃப்ட். நாலரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் தலை தெரியும். அவளுக்குக் கை வராத அந்த இரண்டு மணி நேரமும் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பான். மத்தியான ஷிஃப்ட்டுக்கு மாறினால் தீர்ந்தது விஷயம்.

"மாத்திக் கேளுங்க" என்றாள்.

"பாத்துக்கலாம்" என்றான்.

இந்தப் 'பாத்துக்கலாம்' இருக்கிறதே, இதைக் கண்டுபிடித்தவர் மட்டும் அவள் கையில் கிடைத்தால் அன்றைக்கு இருந்த கைக்கு நன்றாகவே கொடுத்திருப்பாள். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று அதில் ஒன்றும் கிடையாது. சொன்னவருக்கு வேலை முடிந்துவிடும். கேட்டவருக்கு அங்கிருந்துதான் வேலை ஆரம்பம்.

"என்னத்தைப் பாக்கறது? வரும்னு டாக்டரே சொல்றாங்க."

"வந்தாத்தானே? இப்ப நல்லாத்தானே இருக்கே. நீயா வாயை வெச்சு வரவழைச்சுடாதே."

மாமியார் தொலைவில் இளைய மகனோடு இருந்தார். போனில் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பிள்ளை வர்ற நேரம், வியாதி பயந்து ஓடிடுச்சு பாரு." முதலாளி பழையபடி பட்டறை மேசையைத் துடைத்துக் கொடுத்து உட்கார வைத்தார். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் "எங்க திருகாணி திரும்ப வந்தாச்சு" என்றார். அவளுக்கும் அது பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். இடுக்கியின் முனையில் திருகாணி ஆடாமல் நிற்கும்போது வயிற்றுக்குள் பிள்ளையும் ஆடாமல் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். அந்தச் சந்தோஷத்தையும் நிம்மதியாக அனுபவிக்க விடாமல், சந்தோஷமாக இருப்பதையே எல்லாரும் சாட்சியாக எடுத்துக்கொண்டதுதான் அவளுக்கு ஆத்திரம்.

நோய் திரும்பி வரும் என்று நம்பிய ஒரே ஆள் நாத்தனார். கணவனுக்கு அக்கா, பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவு. "வரத்தான் செய்யும்மா" என்றார், வெகு நிதானமாக. "வந்தா நீ கவலையே படாதே. குழந்தையை நான் தூக்கிட்டு வந்துடறேன். ஆறு மாசம் வளர்த்துக் கையில குடுக்கறேன். அதுக்குள்ள உனக்குச் சரியாயிடும்." கெட்ட மனம் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட அன்றிலிருந்து திருகாணிக்கு வயிற்றில் கை வைக்காமல் தூக்கம் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆள் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குப் பிள்ளை இல்லை. கணக்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, அது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

டிப்போவில் டைம்கீப்பர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் அட்டவணை போடுவார். குடும்பக் காரணம் என்றால் அந்தக் குடும்பத்து ஆளே தன் கைப்பட எழுதித் தரவேண்டும் என்று விதி. கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கணவன் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான், பெரிய உபகாரம் செய்கிறவனைப் போல.

அவள் உட்கார்ந்து எழுதினாள். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள். நான்கு வருடமாக எழுத முடியாமல் கிடந்த ஆசையெல்லாம் அந்தத் தாளில் வந்து இறங்கியது. சுழிகள் சுழிகளாக, ஒரு வரிகூடச் சாயாமல், 'எனக்குக் காலை வேளைகளில் விரல்களை மடக்கவோ நீட்டவோ இயலாத நோய் இருப்பதால்' என்று எழுதினாள். எழுதி முடித்து, தானே ஒரு தடவை தள்ளிப் பிடித்துப் பார்த்து ரசித்தாள். அந்த ரசனைதான் காரியத்தைக் கெடுத்தது.

மறுநாள் மத்தியானம் கணவன் சிரித்துக்கொண்டே வந்தான். அவள் ஒன்றும் கேட்காமலே விளங்கிவிட்டது.

"டைம்கீப்பர் என்ன சொன்னார் தெரியுமா? 'முத்து முத்தா எழுதியிருக்காங்க, இந்தக் கைக்கு என்னய்யா குறைச்சல்'னு கேட்டார். போன மாசம் அவர் கண்ணாடிக்கு நீதானே ஸ்க்ரூ போட்டே? 'அதை என்னால கண்ணால பாக்கவே முடியல, உங்க வீட்டம்மா கையால மாட்டிட்டாங்க'ன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் சொல்றார்."

"டாக்டர் சர்டிபிகேட் குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தான். டாக்டர் அம்மா உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர். 'தற்போது மூட்டுகளில் வீக்கமோ இறுக்கமோ இல்லை. பிரசவத்துக்குப் பின் திரும்ப வர வாய்ப்புள்ளது.' முதல் வரியின் அடியில் டைம்கீப்பர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். இரண்டாவது வரி அவர் கண்ணில் படவே இல்லை, அவ்வளவு நல்ல கண்ணாடி போட்டுக்கொண்டும்.

"நீங்க எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? அவர் கேக்கறதும் நியாயமாத்தானே படுது. விடு, அடுத்த அட்டவணைல பாத்துக்கலாம்."

அன்றைக்கு அவள் தட்டை மேசைமேல் வைத்த வேகத்தில் தட்டு சுற்றிச் சுற்றி அடங்கியது. அதற்கும் அவன், "பாரு, கைல என்ன பலம்" என்றான்.

பெண் பிறந்தாள். மாமியார் வந்து இருபத்தெட்டு நாள் இருந்தார். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது, துணி மாற்றியது எல்லாம் திருகாணிதான். கையில் ஒரு குறையும் இல்லை. "நான் எதுக்கு இங்க தெண்டத்துக்கு உக்காந்திருக்கணும்?" என்று மாமியார் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

முப்பத்து மூன்றாம் நாள் காலை ஐந்தேகால் மணிக்குக் குழந்தை அழுதது. திருகாணி எழுந்திருக்கக் கட்டிலில் கையை ஊன்றினாள். ஊன்ற முடியவில்லை. இரண்டு கையும் பாதி மூடி அப்படியே நின்றன. தோளும் முழங்காலும் சேர்ந்துகொண்டன. வரும் வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான், இருந்தும் முதலில் நம்ப மறுத்தவளும் அவள்தான். கையைப் பார்த்து, "இப்ப வேணாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

குழந்தைக்குத் துணி நனைந்திருந்தது. சட்டைக்கு அழுத்துப் பொத்தான்கள் ஐந்து. விரல் வராமல் பல்லால் இழுத்ததில் இரண்டு திறந்தன. தூக்கினால் நழுவவிட்டுவிடுவோம் என்று பயமாக இருந்ததால் முழங்கையால் அணைத்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். தன் சட்டைப் பொத்தானைத் திறக்க இன்னும் பத்து நிமிடம். போனை எடுத்தால் விரல் படவேண்டிய இடத்தில் படவில்லை. பட்டிருந்தாலும் ஓட்டுகிற மனிதன் எடுக்கப்போவதில்லை. ஈரத் துணியோடு குழந்தை பால் குடித்தது. ஏழரை மணிக்கு விரல் கொஞ்சம் இளகுகிறவரை அந்த ஈரத்தை மாற்ற முடியவில்லை. குழந்தையின் தொடை சிவந்து போயிருந்தது. அவள் அழுதது வலியால் அல்ல. மாதக்கணக்கில் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லியும் இப்படி ஆனதே என்ற ஆற்றாமையால்.

மத்தியானம் கணவன் வந்து, அவள் கையைப் பார்த்தான். உட்கார்ந்தான். பிறகு, "அக்காவுக்குப் போன் பண்ணட்டுமா?" என்றான்.

"பேப்பர் எடுங்க."

"அட்டவணைதான் போட்டாச்சே."

"எடுங்கன்னா எடுங்க."

"சரி, சொல்லு. நான் எழுதறேன்."

"நானேதான் எழுதுவேன்."

பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். பழைய விண்ணப்பத்தில் இருந்த அதே ஆறு வரி. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழரைக்கு மேல் கை கொஞ்சம் இளகும் என்று மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளம்பினாள். இளகிய கையைக் கொண்டுபோய்க் காட்டி இன்னொரு தடவை ஏமாற அவள் தயாராக இல்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

டிப்போவில் கம்பி போட்ட ஜன்னலுக்கு அந்தப்பக்கம் டைம்கீப்பர் இருந்தார். வரிசையில் நாலைந்து டிரைவர்கள் கையெழுத்துப் போட நின்றார்கள். அவர் தாளை வாங்கினார். கிட்ட வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஒண்ணும் தெரியலையே. கண்ணாடி மாத்தணும் போல."

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் திருகாணி. "மாட்டிக் குடுத்தது நான்தான்."

அப்போதுதான் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"என் பழைய விண்ணப்பம் ஃபைல்ல இருக்கும். அதை எடுத்து இது பக்கத்துல வைங்க சார்."

என்ன நினைத்தாரோ, எடுத்து வைத்தார். சுழிகள் சுழிகளாக ஒரு தாள். பக்கத்திலேயே வரி மேலும் கீழும் ஓடி, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த இன்னொரு தாள்.

"ரெண்டையும் எழுதினது இந்தக் கைதான். முதல்ல எழுதினதை நீங்க நம்பல. இப்ப எழுதினதை உங்களால படிக்க முடியல. நான் எப்படி எழுதினா சார் உங்களுக்கு ஆகும்?"

சத்தம் போட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். குரல் எழும்பவில்லை. டைம்கீப்பர் ஜன்னல் பலகைமேல் இருந்த அவள் கணுக்களைப் பார்த்தார். கணவன் குழந்தையின் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளையிலேர்ந்து மத்தியான ஷிஃப்ட்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினார். "கீழ கையெழுத்துப் போடலையேம்மா." சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மேசை ஓரத்தில் இருந்த மை அட்டையை எடுத்து நகர்த்தினார். "பரவால்ல, விரல் வெச்சாப் போதும்."

டாக்டர் அம்மாவையும் நாத்தனாரையும் விட்டால், இத்தனை மாதத்தில் அவளை நம்பிய முதல் ஆள். அந்த நம்பிக்கை வந்த விதத்தை அவளால் தாங்க முடியவில்லை. மணிக்கட்டால் மை அட்டையைத் திருப்பித் தள்ளினாள். பேனாவை உள்ளங்கையில் செருகிக்கொண்டு, எத்தனை பேர் நின்றால் என்ன என்று, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து தாளில் நிற்காமல் மேசைமேல் போய் விழுந்தது. டைம்கீப்பர் அதைத் துடைக்கவில்லை.