திருஷ்டி மீன்

கண்ணாடித் தொட்டியை மாடிக்கு ஏற்ற எங்கள் ஜவுளிக்கடையிலிருந்து ஆட்களை வரவழைத்திருந்தார் மாமா, என் மாமனார். ஆறடி நீளம். படிக்கட்டில் திரும்பவில்லை. பால்கனி வழியாகக் கயிறு கட்டி இழுத்தார்கள். தி. நகரில் எங்கள் தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது.

"கண்ணு பட்டுரும், வெரசா இழுங்கப்பா!" என்று கத்தினார் அத்தை. அந்தத் தொட்டியை வாங்கியதே கண் படாமல் இருக்கத்தான்.

வாஸ்து பார்க்கிறவர் வந்து போனதிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ஹாலின் வடகிழக்கு மூலை காலியாக இருக்கிறதாம். அங்கே பெரிய தண்ணீர் நிற்க வேண்டுமாம். அதில் எட்டுத் தங்கமீன், ஒரு கறுப்பு மீன். வீட்டுக்கும் கடைக்கும் வருகிற கெட்டதை அவை தங்கள் மேல் வாங்கிக்கொள்ளுமாம்.

நான் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. என் பிறந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா சாத்தூரில் டீக்கடை வைத்திருக்கிறார். என் படிப்பு இந்த வீட்டுக்கு ஒரே ஒரு விஷயத்துக்கு உதவியது: கல்யாணப் பத்திரிகையில் சரண்யா என்ற பெயருக்குப் பின்னால் போடுவதற்கு. பெருங்குடியில் ஒரு லேபில் வேலை கிடைத்தபோது, "அங்க போயி எவன் மூத்திரத்தையோ பாக்கணுமாம்மா? நம்ம வீட்டுல என்ன குறைச்சல்?" என்று சிரித்தார் மாமா. தொட்டி ஹாலுக்கு வந்ததும் மறுபடி சிரித்தார். "இந்தா, உனக்கு லேபு வந்தாச்சு. நீயே பாத்துக்கோ."

கேலிதான். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் படித்தது இந்த வீட்டில் செல்லக்கூடிய இடம் அந்த ஆறடி மட்டும்தான். அதில் ஒரு மீன்கூடச் சாகக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

தொட்டியையும் ஃபில்டரையும் பொருத்திக் கொடுத்தவர் திருவல்லிக்கேணியில் மீன்கடை வைத்திருக்கும் ஃபராஸ். இப்போதைக்கு மீன் வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீன் வேணாம்னு சொல்ற கஸ்டமரை இப்பத்தான் மேடம் பாக்குறேன். எனக்கே பயமா கீது."

பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் பழுப்பேறிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "என் கடை ஃபில்டர்ல ஓடிக்கினு இருந்தது. இத்த உள்ள போடுங்க. கடை அழுக்கு, ஃப்ரீ."

அன்று சாப்பிடும்போது விளக்கினேன்.

"மீன் கழிவு தண்ணியில அம்மோனியாவா மாறும், மாமா. மீனுக்கு அது விஷம். அதைத் தின்னுற பாக்டீரியா இருக்கு, ஃபராஸ் குடுத்த ஸ்பாஞ்சுல கொஞ்சம் ஒட்டியிருக்கு. அது ஃபில்டர்ல நல்லா வளந்துட்டா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. வளர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் மீனுக்குப் பதிலா நான் அம்மோனியா சொட்டு விட்டு வளர்க்கிறேன்."

அத்தை தோசைக் கரண்டியோடு அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். "சாமி மூலையில விஷத்தை ஊத்தப் போறாளாமா?"

"பூச்சி வேற வளக்கப் போறாளாம்மா," என்றான் பாலகணேஷ். என் கணவன். அவனும் சிரித்தான்.

"பூச்சி இல்ல, பாக்டீரியா."

"ரெண்டையும் நாங்க மருந்தடிச்சுத்தாம்மா கொல்லுதோம்," என்றார் அத்தை.

மாமா கை கழுவ எழுந்தார். "வர்ற வெள்ளிக்கிழமை வளர்பிறை. மீனு இறங்கணும். வெறும் தண்ணிய வச்சு யாருக்குக் காட்ட?"

வெள்ளிக்கிழமை ஃபராஸ் மீன்களோடு வந்தார். கற்பூரம் காட்டினார்கள். பையைப் பிரிக்கும்போது என் பக்கம் குனிந்து, "சொல்லிப் பாத்தேன் மேடம். வேற கடையில வாங்கிக்கிறேன்றாரு ஐயா. நானும் கடை நடத்தணும்ல," என்றார். அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

தினமும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சை ஏற ஏற விஷம். மஞ்சள் சீக்கிரமே பச்சையானது. வாளி வாளியாக அழுக்குத் தண்ணீரை இறைத்து, குளோரின் போக மருந்து கலந்து புதுத் தண்ணீர் ஊற்றினேன். இரை கொஞ்சமாகப் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள்.

முதலில் செத்தது கறுப்பு. காலையில் பக்கவாட்டில் மிதந்தது. நான் வலையோடு நின்றுகொண்டிருந்தேன். திட்டு விழும், என் ராசியைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கறுப்பா போச்சு? நல்லதுக்குத்தான்! என்னங்க, இங்க வாங்க. கறுப்பு வாங்கிக்கிடுச்சு!"

மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "நேத்து அந்த சரக்கு லாரி மரத்துல இடிச்சும் ஒருத்தனுக்கும் அடியில்லன்னு சொன்னேன்லா? இதுதான். ஃபராஸுக்குப் போன் போடு, வேற கறுப்பு கொண்டாரட்டும்."

"மாமா, அது அம்மோனியாவால செத்துச்சு. இங்க பாருங்க, பச்சை."

"பச்சைன்னா நல்லதுதானம்மா," என்றார்.

அதற்குப் பிறகு தங்கமீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்று அத்தையின் முட்டி வலியை வாங்கிக்கொண்டது. ஒன்று கடைக்கு வரவிருந்த ரெய்டை. செத்ததற்கு ஈடாகப் புதுமீன் வரும், அதுவும் அதே விஷத்தில் இறங்கும். கொலை என்றுகூடச் சொல்ல முடியாது. கொலைகாரனுக்காவது தான் செய்வது தெரியும்.

பாலகணேஷைத் தனியே பிடித்தேன். "உனக்குமா புரியல?"

"புரியுது சரண். நீ சொல்றது கரெக்டு. அதுக்காக எங்கம்மாவுக்கு பாக்டீரியா கிளாஸ் எடுக்க முடியுமா?"

"நீ எடுக்கலாம்ல?"

"நானா? பி.காம்.ல நாலு அரியர் வச்சவன் சொன்னா யாரு கேப்பா?"

"அரியர் இல்லாம பாஸ் பண்ணவ சொன்னாலும்தான் கேக்கல."

அவன் என் தோளைத் தட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினான்.

இருந்தாலும் நான் விடவில்லை. மாமா மதுரைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்த சமயத்தில், புதுமீன் வேண்டாம் என்று ஃபராஸிடம் சொல்லிவைத்தேன். மிச்சமிருந்தவற்றுக்கு என் கையால் மட்டும் இரை போட்டேன். இறைத்து இறைத்து இடுப்பு விட்டுப்போனது. ஸ்பாஞ்சு இன்னும் பழுப்பேறி வழவழவென்று ஆனது. ஒரு நாள் குழாயில் சொட்டு விட்டுக் காத்திருந்தேன். மஞ்சள். நம்பாமல் இன்னொரு தடவை செய்தேன். மஞ்சள். மறுநாளும் மஞ்சள். தங்கமீன்கள் அடியில் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அந்த அழுக்கு ஸ்பாஞ்சில் எனக்காக வேலை செய்துகொண்டிருந்தன. இந்த வீட்டில் என் பக்கம் நின்றவை அவை மட்டும்தான்.

ஆடித் தள்ளுபடியின்போது எங்கள் கடைக்கு எதிரில் புதுக்கடை ஒன்று திறந்தது. நான்கு மாடி, நகரும் படிக்கட்டு. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் போனது. மாமா சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தொட்டி எதிரில் உட்கார்ந்தார். மீன்களை எண்ணினார். பிறகு வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"மீனு கடைசியா எப்பங்க போச்சு?"

"போகவே இல்லீங்க. எல்லாம் நல்லாத்தான் நீந்துது."

"அதான் கேட்டேன். தண்ணி தூங்கிப்போச்சு. தூங்குன தண்ணி எதையும் வாங்காதுங்க. மொத்தமா இறச்சு, தொட்டிய சுத்தமாக் கழுவி, புதுசா ஊத்துங்க."

நான் போனுக்கும் மாமாவுக்கும் நடுவில் போய் நின்றேன். "வேண்டாம் மாமா. கழுவினா எல்லாம் செத்துரும். இப்பத்தான் சரியாயிருக்கு. தொடாதீங்க."

"சரியாயிருக்குன்னா கடை ஏம்மா காலியா கெடக்கு?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் விடை தேடுவது?

கடையிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். கையில் பிளீச்சிங் பவுடர், தேய்க்கிற பிரஷ். மீன்கள் வாளிக்குப் போயின. ஃபில்டரைத் திறந்தபோது ஸ்பாஞ்சை நான் பிடுங்கிக்கொண்டேன். வாளித் தண்ணீரில் வைத்துவிட்டால்கூடப் போதும், பிழைத்துக்கொள்ளும்.

"இத மட்டும் விட்டுருங்க அத்தை. தொட்டிய என்ன வேணா பண்ணுங்க."

அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டார். "சீ! வெளக்கேத்துற வீட்டுல இந்த நாத்தத்தையா கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கே? படிச்ச புள்ள செய்யுற காரியமா? குடு இங்க." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கோபமாகக்கூட இல்லை. குழந்தையிடமிருந்து மண்ணாங்கட்டியை வாங்குகிற மாதிரி.

பாலகணேஷ் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். "விடு சரண்," என்றான்.

ஸ்பாஞ்சு வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தது. அத்தை அதைப் பெருமையாகக் காட்டினார். "புதுசாட்டம் இருக்குலா?"

லாரித் தண்ணீர் நிரப்பினார்கள். குளோரின் போக்கும் என் மருந்தை ஊற்றினேன். அதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. மீன்கள் பளபளக்கும் தண்ணீரில் இறங்கின. ஹாலே வெளிச்சமானது.

இரண்டு நாளில் குழாய் பச்சை காட்டியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைகூப்பினார். "வாங்க ஆரம்பிச்சிடுச்சு. பாரேன், எப்படித் தவிக்குது! எல்லாம் நமக்காக."

நான் பால்கனிக்குப் போய் ஃபராஸுக்குப் போன் செய்தேன். "உங்க கடையில ஓடுற ஸ்பாஞ்சு ஒண்ணு வேணும். இப்பவே. நானே ஆட்டோ புடிச்சு வரேன்."

"ஸ்பாஞ்சு ஓகே மேடம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஐயா நேத்தே போன் பண்ணிட்டாரு. அடுத்த செட்டு ரெடியா வச்சிக்கோன்னு. எட்டு தங்கம், ஒரு கறுப்பு. இன்னா சொல்லட்டும்?"

உள்ளே மீன்கள் இன்னும் உயிரோடுதான் இருந்தன. போனை வைத்தேன். வாளியை எடுத்து, இறைக்க ஆரம்பித்தேன்.