கோப்பையைக் கீழே வைத்தவள்

"மகளுக்கு வலி எடுத்திடுச்சு லமீஸ். ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கிட்டிருக்கேன். படத்துக்கு உக்கார வேற யாரையாவது பாத்துக்க, கோவிச்சுக்காத."

முகம் வரைய உட்கார ஒத்துக்கொண்டிருந்த உம் கஸ்ஸான் அவ்வளவுதான் சொன்னாள். தொலைபேசி அடங்கிவிட்டது. மணி மூன்று. மூன்றரைக்குத் தேர்வு.

"உம்மா! அவங்க வரலையாம்!"

இன்திஸார் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். "அதுக்கென்ன? என்னை வரை. கல்லு மாதிரி உக்காருறேன்."

"வீட்டு ஆளு கூடாதுன்னு விதி. பழகின மூஞ்சின்னா கண்ணு பாக்காது, கை மனப்பாடமா வரைஞ்சிடும்னு ஸவ்ஸன் மிஸ் சொல்லியிருக்காங்க."

ஒரு வருடமாக லமீஸ் திரை முன்னால் உட்கார்ந்து கற்ற உயர்நிலை ஓவியப் பாடத்தின் கடைசித் தேர்வு அது. உயிருள்ள ஒரு முகம், நேருக்கு நேர், இரண்டு மணி நேரம். கைப்பேசி முகத்தைப் பார்க்க வேண்டும், மடிக்கணினி தாளைப் பார்க்க வேண்டும். நல்லதாக இருந்தால் ஆறு மணிக்குள் ஆசிரியையே அதை அம்மான் நுண்கலைக் கல்லூரிக்கு அனுப்புவாள். மறுவாய்ப்பு கிடையாது.

"மேல் வீட்டுக்காரங்க?"

"ஸர்காவுல கல்யாணம். எல்லாரும் போயாச்சு."

"பக்கத்து வீட்டு ஹாஜியார்..." என்று ஆரம்பித்த இன்திஸார் தானே நிறுத்திக்கொண்டாள்.

தூகான் ஹாஜியார் முப்பத்தொரு வருடம் ஸல்ட்–அம்மான் பஸ் ஓட்டியவர். போன வருடக் குளிரில் ஒருநாள் காலை முகத்தின் வலப்பக்கம் சரிந்துவிட்டது. அதன்பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கும் வெளியே இறங்குவதில்லை. பேரன் விளையாட்டாகக் கைப்பேசியைத் தூக்கிப் படமெடுக்கப் போக, அதைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். போதாததற்கு அத்திமரம் வேறு. இவர்கள் வீட்டுக் கிளை அவர் முற்றத்தில் பழத்தைக் கொட்டி எறும்பு சேர்க்கிறதென்று, வாரம் ஒருமுறை ரம்பத்தைக் காட்டி மிரட்டுவார்.

"வாங்க உம்மா," என்றாள் லமீஸ். பலகையையும் கரித்துண்டுப் பெட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "கணினிய நீங்க தூக்குங்க."

"அவரு ஒத்துக்க மாட்டாருடி!"

"கேக்குற விதத்துல கேப்போம்."

பலகையையும் கணினியையும் வாசலிலேயே சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஹாஜியார் திண்டில் சாய்ந்திருந்தார். தலைத்துணியின் ஒரு முனை வலது கன்னத்தை மூடியிருந்தது. அவர் மனைவி ஃபித்தா ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பியைக் கொண்டுவந்து, முதல் கோப்பையை லமீஸின் கையில் கொடுத்தாள்.

லமீஸ் அதை உதட்டருகே கொண்டுபோகவில்லை. மெல்லக் கம்பளத்தில், தன் முழங்காலுக்கு முன்னால் வைத்தாள்.

கோரிக்கையோடு வந்த விருந்தாளிதான் அப்படி வைப்பான், வீட்டுக்காரர் சரியென்று வாக்குக் கொடுக்கும்வரை குடிக்க மாட்டான். அதுவும் மீசை நரைத்த ஆண்கள், கூட்டமாக வந்து.

ஃபித்தா வாயில் கைவைத்துச் சிரித்தாள். "ஆத்தாடி! பொம்பளப் புள்ள கோப்பையக் கீழ வச்சிட்டாளே! என்னடி, பொண்ணு கேட்டு வந்தியா? எங்க வீட்டுல குமருக யாரும் மிச்சமில்லையே!"

"நீ சும்மா இரு," என்றார் ஹாஜியார். வார்த்தைகள் வாயின் ஒரு பக்கமாகக் கசிந்தன. இன்திஸாரைப் பார்த்தார், ஜன்னல் வழியே அத்திக் கிளையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார். "அம்மாவுக்கு வெக்கம், மகள விட்டுக் கேக்குறா. சரி, நானும் மனுஷன்தான். குடி புள்ள. நீ வந்த காரியம் முடிஞ்சது."

லமீஸ் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். நாக்கு சுட்டது. "அல்லாஹ் உங்க கைய உயர்த்தட்டும் ஹாஜியாரே. ரெண்டு மணி நேரம் நீங்க என் முன்னால உக்காரணும். உங்க முகத்த வரையணும்."

"என்னது?"

"முகம்."

"கிளை இல்லையா?"

"கிளை இல்ல."

அவர் கழுத்து சிவந்தது. "ஏமாத்துறியா? என் வீட்டுக் காப்பியக் குடிச்சிட்டு?"

"என்ன காரியம்னு நீங்கதான் கேக்கல," என்றாள் ஃபித்தா மெதுவாக. "நான் சாட்சி. முடிஞ்சதுன்னு இந்த வாயாலதான் சொன்னீங்க."

"இந்த வாய்!" என்றார் அவர். வெகுநேரம் ஜெபமாலையை உருட்டினார். மூன்று இருபத்திரண்டு. லமீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள்.

"பேரு எழுதக் கூடாது," என்றார் கடைசியில்.

"எழுத மாட்டேன்."

"எவனாவது சிரிச்சா, அத்தி மரம் வேரோட போயிடும்."

"போகட்டும்."

பலகையையும் கணினியையும் உள்ளே கொண்டுவந்து, கைப்பேசியை ஹாஜியாரைப் பார்க்க நிறுத்தினாள். மூன்று இருபத்தொன்பதுக்குக் கணினித் திரையில் ஸவ்ஸன் மிஸ்ஸின் முகம் வந்தது. "தயாரா லமீஸ்? அமர்ந்திருக்கும் ஐயாவுக்கு வணக்கம். ஐயா, தலைத்துணியக் கொஞ்சம் விலக்குங்க. முழு முகமும் தெரியணும்."

ஃபித்தாதான் எழுந்துபோய் துணியை விலக்கிவிட்டாள், தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல.

லமீஸ் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையால் நெற்றியை அளந்தாள். மூக்கை அளந்தாள். கண்ணை இடுக்கி நிழலைத் தனியாக, வெளிச்சத்தைத் தனியாகப் பிரித்தாள். கரி தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஹாஜியாரின் இடது கண் அவளையே பார்த்தது. சரியாக மூடாத வலது கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. அது அழுகை இல்லை, அந்தக் கண்ணின் வழக்கம். ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க அவள் கை தயங்கியது.

முக்கால் மணி நேரம் கழித்து ஸவ்ஸன் மிஸ் பேசினாள்.

"லமீஸ், தூக்குநூல் எங்க?"

லமீஸ் நிமிரவில்லை. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல, நூலில் கனம் கட்டி முகத்துக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். எது நேர், எது சாய்வு என்று அதுதான் காட்டும். ஒரு வருடத்தில் ஒருநாளும் அவள் அதை மறந்ததில்லை.

"மறந்துட்டேன் மிஸ்."

"மறக்கல. கைப்பேசில ஒரு முகம் தெரியுது, தாள்ல வேற முகம் இருக்கு. ரெண்டு கண்ணையும் ஒரே மட்டத்துல வச்சிருக்க. வாய நேராக்கியிருக்க. அழகான கிழவர்தான், ஆனா அவரு அங்க இல்ல. இத நான் அனுப்ப முடியாது."

கணினியின் சத்தம் அறை முழுவதும் கேட்டது. இன்திஸார் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பொம்பள என்ன சொல்றா?" என்றார் ஹாஜியார். அசையாமல்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல ஹாஜியாரே..."

"எனக்கு மூஞ்சிதான் போச்சு, காது போகல. என்னைச் சரி பண்ணிட்டியா?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"நான் உன்கிட்ட கேட்டேனா?" குரல் உயர்ந்தது. "டாக்டர் 'சரியாயிடும்'னான், மகன் 'ஒண்ணும் தெரியல'ன்னான், பள்ளிவாசல் இமாம் 'நூர் இறங்கியிருக்கு, முகத்துல ஒளி'ன்னாரு. இப்ப நீயும். வாக்குக் குடுத்து உக்காந்திருக்கேன். அம்மான் போறவன பாதி வழில இறக்கி விட்டவன் இல்ல நான். நூலக் கட்டு!"

லமீஸ் வீட்டுச் சாவியை நூலில் கட்டி, விளக்குக் கொக்கியில் மாட்டினாள். சாவி ஆடி ஆடி நின்றது. நூல் நெற்றி நடுவில் இறங்கி, மூக்கை விட்டு விலகி, வாயின் ஓரத்தை எங்கேயோ தள்ளிவைத்தது.

பிசைகிற அழிப்பானை உருட்டி அவள் தாளின் பாதியை அழித்தாள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. தொங்கிய இமை, இழுபட்ட கன்னம், ஈரம் பளபளக்கும் தாடி. எது எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தாள்.

"பத்து நிமிஷம்," என்றாள் ஸவ்ஸன் மிஸ். பிறகு, "கரியக் கீழ வை. கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அனுப்பு. அஞ்சு நிமிஷம் இருக்கு."

"காட்டு," என்றார் ஹாஜியார்.

அவள் பலகையைத் திருப்பினாள். அவர் பார்த்தார். ஃபித்தாவும் எட்டிப் பார்த்தாள். "இது நீங்கதான்," என்றாள். எல்லாருக்கும் காப்பி ஊற்றுவதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். ஊற்றினாள்.

ஹாஜியார் தன் கோப்பையை வாங்கி, கம்பளத்தில், தன் முன்னால் வைத்தார்.

"யா அல்லாஹ்," என்றாள் இன்திஸார்.

அவர் குடிக்கவில்லை. லமீஸைப் பார்த்தபடி இருந்தார். தாளைக் கிழிக்கச் சொல்லலாம். அனுப்பாதே என்று சொல்லலாம். நாலு நிமிடம் இருந்தது. என்னவென்று லமீஸ் முதலில் கேட்கலாம். அவள் விருந்தாளி, சின்னப் பெண், யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் கோப்பையை வைத்தபோது அவர் கேட்கவில்லையே.

"குடிங்க ஹாஜியாரே," என்றாள். "நீங்க நினைச்ச காரியம் முடிஞ்சது."

"என்னன்னு கேக்க மாட்டியா?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் இடது உதடு மட்டும் அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். "பேர எழுது."

"எழுதக் கூடாதுன்னு..."

"சொன்னேன். இப்ப எழுதுன்னு சொல்றேன். பேரில்லாம போனா எவனோ கோணவாயன்னு பாப்பான். அந்த ரோட்டுல என்னைத் தெரியாதவன் எவன்? தூகான், ஸல்ட்–அம்மான் பஸ். பெருசா எழுது."

அவள் எழுதினாள். கரி ஒரு இடத்தில் உடைந்தது. படமெடுத்தாள், அனுப்பினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்திஸார் உதட்டுக்குள் ஓதினாள். வட்டம் நின்றது.

"வந்திடுச்சு," என்றாள் ஸவ்ஸன் மிஸ். திரையில் அவள் குனிந்து எதையோ பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "கல்லூரிக்கு அனுப்பிட்டேன் லமீஸ். ஐயாவுக்கு என் ஸலாம் சொல்லு."

"ஸலாம் எனக்குக் கேட்டிடுச்சு," என்றார் ஹாஜியார். கோப்பையை எடுத்து, இடது ஓரமாகச் சாய்த்துக் குடித்தார். "ஆறிப்போச்சு."

"நீங்கதானே கீழ வச்சீங்க!" என்றாள் ஃபித்தா.

அவர் கோப்பையை நீட்டினார். போதும் என்பதற்கு அடையாளமாக அதை ஆட்டவில்லை. ஃபித்தா மறுபடி ஊற்றினாள்.

"ஹாஜியாரே, அந்தக் கிளை..." என்று இன்திஸார் மெல்ல இழுத்தாள்.

"அதுக்கு இன்னொரு நாள் வந்து கோப்பைய வை. அந்தத் தடவை என்னன்னு கேட்டுட்டுத்தான் பதில் சொல்வேன்."