அக்கா உரித்த இறால்

தையற்காரி சாயங்காலச் சமையலுக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் அவளுடைய அக்கா வந்து நின்றாள். "இந்தக் கல்யாணம் நிலைக்காதுடி" என்று அக்கா சொன்ன நாளிலிருந்து, நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம்தான் தையற்காரியின் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

'நான் அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தை எப்போது வந்து விழுமோ என்று அவள் அக்காவின் வாயையே பார்த்தாள். அக்காவோ கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, மிச்ச இறாலை உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

தங்கை வாணலியில் பூண்டைச் சிவக்க விட்டு, மிளகாய்த்தூளோடு இறாலைப் போட்டுப் புரட்டினாள். இறால் சிவந்து சுருண்டது.

"இறக்குடி, இன்னும் ஒரு நிமிஷம் விட்டா ரப்பராயிடும்."

எலுமிச்சம்பழம் பிழிந்து, வாணலியை அப்படியே நடுவில் வைத்து, ரொட்டியால் தொட்டுச் சாப்பிட்டார்கள். பாதியில் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிடேன்க்கா."

"சொல்லத்தான் வந்தேன்," என்றாள் அக்கா. "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ நல்லா வாழ்ந்து என் மூஞ்சில கரியைப் பூசணும்னுதான் தினம் வேண்டிக்கிட்டேன்."

தையற்காரி உடைந்து அழுதாள். அக்கா பெரிய இறாலாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.