இரண்டு மிதி

ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவளிடம் வந்து, “இந்தத் தடவை டிரம்ஸ் வேண்டாம்” என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். தம்பியிடம் தைரியம் தாராளமாக இருந்தது. மூளைக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு.

பெயின்ட் கடைக்கு மேலே, வாடகைக்கு எடுத்த ஒத்திகை அறையில் அவன் இதைச் சொன்னான். சும்மா சொல்லவில்லை. பையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஆட்டினால் சலசலவென்று சத்தம் வந்தது.

“உனக்குன்னே தேடி வாங்கினேன்க்கா. ஷேக்கர்.”

“என்னடா இது, கிலுகிலுப்பை? எனக்கென்ன பல்லு முளைக்குதா?”

“கோவிக்காத. இந்தக் கச்சேரியை அமைதியா பண்றோம். மாமா கிட்டார், என் குரல், பின்னாடி நீ லேசா இதை ஆட்டு. ஜனங்களுக்குச் சத்தம் சலிச்சுப்போச்சு.”

சத்தம். அவள் சத்தமாம். அன்று காலையில்தான் அவள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. வருகிறவர்களை உட்காரவைத்து, அலறுகிறவர்களைச் சமாதானப்படுத்தும் வேலை. ‘மேசையில் தாளம் போடாதே’ என்று தினமும் சொன்ன டாக்டரிடம், “இனிமே மேடையில போட்டுக்கறேன் சார், நீங்க நிம்மதியா பிடுங்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். வரும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. பெரிய மேடை, திறந்தவெளி மைதானம், பழைய குழு மறுபடியும் ஒன்றாக. வேறென்ன வேண்டும்?

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கிட்டார்காரர் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுருதியில் இருந்த கம்பி அது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“இல்ல... பேச்சுவாக்குல சொன்னான். நீ எப்படி எடுத்துப்பியோன்னு...”

மென்று முழுங்கினார். தம்பி முட்டாள்தனம் செய்வது புதிதில்லை. புருஷன் அதற்குத் துணைபோனதுதான் தாங்கவில்லை.

தம்பி எடுத்த முடிவுகளை வைத்தே ஒரு அருங்காட்சியகம் நடத்தலாம். ஊரே பாடிய ஒரே பாட்டை, “எல்லாருக்கும் பிடிக்குது, அதனால எனக்குப் பிடிக்கல” என்று மேடையில் பாட மறுத்தான். அப்புறம் குழுவின் பெயரை எடுத்துவிட்டு ஒரு புள்ளி மட்டும் வைத்தான். அறிவிப்பாளர்கள் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அடுத்து வருகிறார்கள்...” என்று இழுத்து, தொண்டையைக் கனைத்துவிட்டு இறங்கிப்போனார்கள். கடைசியில் தனியாகப் போகிறேன் என்று கிளம்பி, மூச்சு விடும் சத்தத்தை மட்டும் பதிவு செய்து ஒரு ஆல்பம் போட்டான். அதை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். அக்காவாகப் பிறந்த பாவம். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டாள், அவன் திரும்பி வந்தபோதெல்லாம் கதவைத் திறந்தாள். அதுதான் தப்பு.

இருந்தும் ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். திரும்பிப் போக வேலை இல்லை. போஸ்டரில் மூன்று பேர் முகமும் அச்சாகிவிட்டது. டிரம்ஸை மூலையில் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள்.

அந்த ஒத்திகையில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. கிட்டாரின் முன்னிசை சுற்றிச் சுற்றி வரும். பாடகன் சரியான இடத்தில் நுழைய வேண்டும். தம்பிக்குத் தாளத்தை எண்ணத் தெரியாது. என்றைக்குமே தெரியாது. ஆரம்ப நாளிலேயே அதைக் கண்டுபிடித்து, அவன் நுழைய வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் பெரிய டிரம்மின் பெடலை இரண்டு தடவை மிதிப்பாள். டும், டும். உடனே அவன் பாடுவான். பேட்டிகளில் கேட்டால், “அது உள்ளேர்ந்து வரும்” என்று நெஞ்சைத் தொட்டுக்கொள்வான். அவளும் பக்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தம்பியின் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

இப்போது டிரம்ஸ் இல்லை. அறையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்ததால், கணவர் தலையை நிமிர்த்தும்போது அதைப் பார்த்துப் பாடினான்.

“மேடையில நீ ஜனங்களைப் பார்த்துல்ல நிப்ப? அப்ப என்னடா பண்ணுவ?” என்றாள்.

“எதை?”

“எங்க ஆரம்பிக்கறதுன்னு.”

“அக்கா, இத்தனை வருஷமா பாடறேன். அது தானா வரும். நீ முட்டையைப் பாரு.”

முட்டையைப் பார்த்தாள். அவன் மண்டையில் போட்டு உடைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

கச்சேரி அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. பலகை அடித்த உயரமான மேடை. நடந்தால் அடியில் வெற்றிடம் முழங்கியது. தம்பி முன்னால் மைக்கில், கணவர் ஓரமாக, அவள் பின்னால் ஒரு ஸ்டூலில். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள்.

முதல் பாட்டே, ஒரு காலத்தில் அவன் பாட மறுத்த அந்தப் பழைய பாட்டு. கிட்டார் ஆரம்பித்ததும் மைதானமே ஆர்ப்பரித்தது. முன்னிசை ஒரு சுற்று முடிந்தது. தம்பி வாயைத் திறந்தான், மூடினான். இன்னொரு சுற்று. ஜனங்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள், வேண்டுமென்றே காக்கவைக்கிறான் என்று நினைத்து. அடுத்த சுற்றில் கைதட்டல் தேய்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னாலிருந்து அவளுக்கு அவன் பிடரி தெரிந்தது, வியர்வையில் நனைந்து.

நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். இன்னும் இரண்டு சுற்று இப்படியே போனால் ஜனங்கள் கத்த ஆரம்பிப்பார்கள். அவன் ஓடிவந்து, டிரம்ஸ் இல்லாமல் முடியாது என்று காலில் விழுவான். அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் அந்தப் பிடரியைச் சின்ன வயதில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டவள் அவள். கேடுகெட்ட கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குதிகாலால் பலகையை இரண்டு தடவை மிதித்தாள். டும், டும்.

தம்பி பாடினான்.

என்னமாய்ப் பாடினான்! மைதானம் கூடவே பாடியது, அழுதது. அதற்கப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் மிதித்தாள். கால் மரத்துப்போனது. கடைசியில் அவன் கணவரைக் காட்டி, “கிட்டார், எங்க மாமா!” என்றான். பிறகு அவள் பக்கம் கையை நீட்டி, “அப்புறம் எங்க அக்கா. எங்க போனாலும் பாசத்துல கூடவே வந்துடுவாங்க” என்றான். ஜனங்கள் ‘அச்சோ’ என்று உருகினார்கள்.

மேடைக்குப் பின்னால் கச்சேரி ஏற்பாட்டாளர் ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டார்.

“டிரம்ஸை எடுத்தீங்க பாருங்க, அதான் மாஸ்டர் ஸ்ட்ரோக்! எல்லா ஊருக்கும் இதே மாதிரி போறோம்.”

அவர் போனதும் தம்பி அவளிடம் திரும்பினான். கண்ணெல்லாம் மின்னியது.

“பாத்தியாக்கா? முதல்ல கொஞ்சம் பயந்துட்டேன். அப்புறம் பாரு, தானா உள்ளேர்ந்து வந்துடுச்சு.”

“நான் மிதிச்சேன்டா.”

“எதை?”

“பலகையை. நீ நுழையறதுக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும்.”

அவன் சிரித்தான். கேலியாகக்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல். “எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உங்களுக்குக் கேட்டுச்சா மாமா?”

அவள் கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. கிட்டாரைப் பெட்டியில் வைத்தவர், கொக்கியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

“அந்தச் சத்தத்துல... எனக்கும் சரியா கேக்கல” என்றார்.

கேட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுடைய இரண்டாவது மிதியில்தான் அவர் விரல்கள் முன்னிசையை விட்டுப் பாட்டுக்கு மாறின. பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

முட்டையைக் கணவரின் சட்டைப் பையில் போட்டாள். மூவரும் வந்த வேனின் சாவி அவளிடம் இருந்தது. குழுவில் வண்டி ஓட்டத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். நொண்டிக்கொண்டே போய் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

“அக்கா, நாங்க எப்படி வர்றது?” என்று தம்பி கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

கண்ணாடியை இறக்கினாள்.

“தானா வரும்” என்றாள்.