ஒன்பதாவது லெவல்

மனநல மருத்துவரைப் பார்க்க மித்ராவுக்குக் கிடைத்த தேதி இரண்டு மாதம் தள்ளி. அதுவரை கைபேசிச் செய்தியில் துணைக்குப் பேச, பெங்களூரில் இருக்கும் தன்னார்வலர் பவ்யா கிடைத்தாள்.

“ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள, மனசு இன்னைக்கு எந்த லெவல்?”

“ஒன்பது” என்று தட்டினாள் மித்ரா.

“சூப்பர்! அப்போ வாரம் ஒரு தடவை பேசினா போதும்.”

மித்ராவின் தங்கச் சுரங்கத்து ஊரில் லெவல் என்றால் சுரங்கத்தின் தளம்; எண் ஏற ஏறப் பள்ளம். அது பவ்யாவுக்குத் தெரியாது. ‘போதும்’ என்ற சொல்லுக்குத் தலையாட்டிவிட்டுப் போகும் வழக்கம் மித்ராவுக்கு இல்லை.

“இன்னாக்கா சூப்பரு? எங்க ஊர்ல ஒன்பதுன்னா அம்மாம் கீழ. தெனமும் பேசணும்.”

“ஐயோ, சாரிம்மா. வாரம் மூணு நாள்?”

“தெனமும்.”

“சரி, தினமும். நாளைக்கு ஆரம்பிக்கலாமா?”

“நாளைக்கா? இப்பவே கேளுங்க. மூணு நாளா நான் தூங்கல.”