விதையை எழுப்புதல்

குழந்தை அந்த விதையை விழுங்கி இருபத்திரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தன. மருத்துவமனைச் சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பது. நேற்றுக் காலை பத்து நாற்பதுக்கு நான் தட்டைத் திரும்ப வாங்கி எண்ணினேன். இருபது கொடுத்திருந்தேன். பத்தொன்பது இருந்தன.

எண்ணுவது ஆய்வகத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். படிப்பு முடித்ததும் தாவரவியல் பூங்காவில் சிறுவர் வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். வாரத்துக்கு இரண்டு பள்ளிகள் வரும். பிள்ளைகள் இலையைக் கசக்கி முகர்வார்கள். மரப்பட்டையில் தாளை வைத்து மெழுகுப் பென்சிலால் தேய்ப்பார்கள். மண்புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அலறுவார்கள், ஆனால் கீழே போட மாட்டார்கள். என்னை இலை அக்கா என்று கூப்பிடுவார்கள். அவர்களிடம் எனக்குப் பேச்சு வரும். பெரியவர்கள் முன்னால் வராது. தண்ணீர் பாய்ச்சும் அக்கா கேலி செய்வாள்: "புள்ளைங்ககிட்ட மட்டும் வாய் காது வரைக்கும் போகுது. சார் வந்தா உன் வாயைத் திறக்க கடப்பாரை வேணும்."

சார் என்பது எங்கள் கண்காணிப்பாளர். நல்லவர். நேற்றிலிருந்து அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

'விதையை எழுப்புதல்' நானே யோசித்து உருவாக்கிய வகுப்பு. சில விதைகளுக்குத் தோல் கல் மாதிரி இருக்கும். தண்ணீர் உள்ளே போகாது. வருஷக்கணக்கில் தூங்கும். தோலை உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் தண்ணீர் குடித்து எழுந்துவிடும். பிள்ளைகளே தேய்த்து, தொட்டியில் ஊன்றி, தொட்டியைப் பள்ளிக்கு எடுத்துப் போவார்கள். கேட்க அழகாக இருந்தது. ஆனால் ஆறு வயதுக் கை தேய்த்தால் அந்தத் தோல் மினுமினுப்பு ஏறுமே தவிர திறக்காது. மூன்று மாதமாக எந்தப் பள்ளியிலும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஒரு ஆசிரியை கடிதமே எழுதிவிட்டார். "இந்த வாட்டியும் முளைக்கலன்னா மேல இருக்கறவங்க இந்த வகுப்பையே தூக்கிடுவாங்கம்மா. அப்புறம் உன்னை எங்க வச்சுக்கிறது?" என்றார் சார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

வகுப்புத் திட்டத்தில் ஆனைக்குன்றிமணி என்று இருந்தது. பெரிய சிவப்பு விதை, கையில் எடுக்கப் பயமில்லாதது. அந்தப் புட்டி காலி. பின்வேலியில் குன்றிமணிக் கொடி காய் வெடித்துக் கிடந்தது. சிவப்பு உடம்பு, கறுப்புக் கண். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அதையே பறித்தேன். அது என்ன விதை என்று எனக்குத் தெரியும். கல்லூரித் தேர்வில் அதன் நஞ்சைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். தோல் உடையாமல் விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். உடைந்தால் கதை வேறு. அதையும் எழுதியிருந்தேன். ஐந்துக்கு ஐந்து.

கால் மணி நேரம்தானே கையில் இருக்கப் போகிறது, ஊன்றும் முன் தட்டில் வாங்கி எண்ணிவிடுவேன் என்று நினைத்தேன். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன். முந்தின நாள் சாயங்காலம் இருபது விதையையும் நகவெட்டியால் ஓரத்தில் வெட்டி, இரவு முழுக்க ஊறப் போட்டேன். விடிந்தபோது கொஞ்சம் உப்பியிருந்தன. வெட்டு தெரியாதபடி துடைத்துத் தட்டில் அடுக்கினேன். பிள்ளைகள் சும்மா தேய்க்கட்டும், இந்த முறை முளைக்கும் என்று எனக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுமிக்கு அவள் வகுப்பே ஏன் பாப்பா என்று பெயர் வைத்திருந்தது. எதற்கெடுத்தாலும் ஏன்.

"அக்கா, விதை ஏன் தூங்குது?"

"எழுப்ப ஆள் வரலையே, அதான்."

"வயித்துக்குள்ள போனா எழுந்துக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வயிறு சூடா, ஈரமா இருக்கும். எழுந்தாலும் எழுந்துக்கும்" என்றேன்.

பத்தொன்பது என்று தெரிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் விரித்துப் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லத் தோன்றவில்லை. புல்லில் விழுந்திருக்கும் என்று, அவர்கள் பேருந்து ஏறிய பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்க முட்டி போட்டுத் தேடினேன். மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது. ஏன் பாப்பாவின் அம்மா. விதையை விழுங்கிவிட்டதாக மகள் சொன்னாளாம். சார்தான் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. அதுக்குத் தோல் கல்லு. முழுசா போனா முழுசா வந்துடும்." பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "முழுசுதானே?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பொய்யென்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தலை மட்டும் ஆடியது. பிறகு குன்றிமணியை ஏன் எடுத்தாய் என்று திட்டினார். அந்தத் திட்டு எனக்குப் போதுமானதாக இருந்தது. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். சாயங்காலம் கேட்டபோது குழந்தை நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறாள் என்று அம்மா சொன்னார். இன்று விடியும்போது வாந்தி தொடங்கியது.

இப்போது அவள் அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. சாரும் நானும் கட்டிலின் கால்மாட்டில் நின்றோம். அம்மாவுக்குப் பக்கத்தில் குழந்தையின் மாமா, அம்மாவின் அண்ணன், தண்ணீர்ப் புட்டியோடு நின்றார். பயந்தால் ஜோக் அடிக்கிற மனிதர் போல.

"மரம் முளைச்சா நல்லதுதான். வீட்டு முன்னாடி நிழலே இல்ல" என்றார்.

"அண்ணா, கொஞ்சம் சும்மா இரு" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏங்க வேலையை விட்டுட்டு வந்தீங்க? புள்ளைங்கன்னா எதையாவது வாயில போடத்தான் செய்யும். உங்களைச் சொல்லி என்ன" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இலை அக்கா" என்றாள் குழந்தை, கண்ணைத் திறக்காமல். "முளைச்சிடுச்சா?"

அவள் தலையைத் தொடப் போன கையைப் பாதியில் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். இரவு முழுக்க விழித்திருந்த கண்கள். வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார்.

"என்ன விதைன்னு சொன்னீங்க?"

"குன்றிமணி" என்றார் சார். "ஆனா முழு விதை டாக்டர். விஷயம் தெரிஞ்சவங்க நாங்க."

"மென்னு முழுங்குனாளா?"

"இல்ல டாக்டர். மாத்திரை மாதிரி தண்ணி குடிச்சு முழுங்கினேன்னு சொல்றா" என்றார் அம்மா.

டாக்டர் பெருமூச்சு விட்டார். நிம்மதி. "அப்ப இது வேற. இந்த வாரம் பாதிப் பள்ளிக்கூடம் வாந்தின்னு இங்கதான் இருக்கு. மருந்து எழுதித் தரேன். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

மாமா புட்டியை மூடினார். அம்மா குழந்தையின் செருப்பைக் கட்டிலுக்கடியில் துழாவினார். சார் என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, ஒண்ணுமில்ல. போய் முகத்தைக் கழுவு" என்றார் மெதுவாக.

ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். பாதிப் பள்ளிக்கு வாந்தி என்கிறார் டாக்டர். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள், நான் பூங்காவுக்குப் போவேன். வியாழக்கிழமை இன்னொரு பள்ளி. இதெல்லாம் நடக்கக்கூடியதுதான். டாக்டர் சீட்டின் கடைசி வரிக்கு வந்திருந்தார். ஒரு செருப்பு கிடைத்துவிட்டது. இன்னொன்றை மாமா குனிந்து தேடினார்.

"டாக்டர்."

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. அவர் சீட்டைக் கிழித்து அம்மாவிடம் நீட்டினார். நான் நடுவில் போய் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அது முழுசு இல்ல."

"என்னம்மா சொல்ற?" என்றார் சார்.

"முளைக்கணும்னு நான் முன்னாடி நாளே தோலை வெட்டிட்டேன். நகவெட்டியால. இருபதையும். ராத்திரி பூரா தண்ணியில ஊறிச்சு. சார் கேட்டப்ப முழுசுன்னு தலையாட்டினேன். முழுசு இல்ல."

அம்மா செருப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். டாக்டர் கதவுப் பக்கம் திரும்பி நர்ஸைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"எவ்வளவு வெட்டுனீங்க? உள்ள இருக்கறது தெரியற அளவுக்கா?"

என் சுண்டுவிரலை நீட்டி, நகத்தின் வெள்ளை ஓரத்தைக் காட்டினேன். டாக்டர் குனிந்தார். சார் குனிந்தார். அம்மாவும், மாமாவும். மடியில் கிடந்த குழந்தையும் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு" என்றேன். "உள்ள வெள்ளையா தெரிஞ்சுது."